இரண்டரைச் சுற்று

மாரீ ஊரைத் தாண்டி இரண்டாம் நாள்.
தடத்தின் நெளிவுகளில் எலும்பெல்லாம் கழன்று
ஒரு கூலபா மரத்தடியில் நிறுத்தினோம்.
நிழல் என்று பெயர்தான்.
தரை, யாரோ செங்கல்லை உடைத்துக் கொட்டிவிட்டு
மறந்துபோன மாதிரி.

முதலில் இடவலம்.
இடது சக்கரத்தடியில் மஞ்சள் சரிவுக்கட்டை.
நான் ஓட்டுகிறேன், நெவில் கை காட்டுகிறான்:
வா, வா, இன்னும் ஒரு விரல், வா,
நில்.
அந்த ‘நில்’ எப்போதும் பிந்தித்தான் வரும்.
நான் எப்போதும் அதற்கு முன்பே நிறுத்தியிருப்பேன்.

அப்புறம் முட்டுக்கட்டை.
முப்பத்தோரு வருடமாக அவன் யோசனைகளுக்கு
நான் போட்டுவருவது வேறு வகை;
இது ரப்பர்.
இதைப் போடாமல் கொக்கியைக் கழற்றக் கூடாது.
போன வருடம் ஒருத்தன் கழற்றினான்.
அவன் டிரெய்லர் அவனைக் கேட்காமலே
ஓடைக்குக் குளிக்கப் போனது.

பிறகுதான் முன்பின்.
மூக்குச் சக்கரத்தின் கைப்பிடியை நான் சுற்ற,
ரசமட்டத்தை அவன் படிப்பான்.
வயாலாவில் சுவர் சுவராக எழுப்பிய ரசமட்டம்,
ஓரத்தில் காய்ந்த சாந்து இன்னும் உண்டு.
அந்தக் காலத்தில் அதை எடுக்கவே மாட்டான்.
ஒரு கண்ணைச் சுருக்கி
“மூணு மில்லி” என்பான்.
மூன்று மில்லிதான் இருக்கும்.

போன குளிர்காலத்தில்
அவன் இடது காதுக்குள் கடல் புகுந்தது.
ரொட்டிக்கடை வரிசையில் நின்றவன்
தான் கட்டிய சுவரையே பிடித்துக்கொண்டு
சாயுது, சாயுது என்றான்.
எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

குமிழி நடுக்கோடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது.
நான்கு மூலைக்கால்களையும் இறக்கினேன்.
அவை தூக்குவதற்கு இல்லை.
தூக்க வைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்,
கதவு மூடாது.
மண்ணைத் தொட்டதும் அரைச்சுற்று,
அதோடு விட்டுவிட வேண்டும்.
ஆடாமல் கூட நிற்பது மட்டும்தான் அவற்றின் வேலை.
கேட்க எளிது.

“முன்பக்கம் தாழுது, கொரலி.”
குமிழியைக் காட்டினேன்.
தன் கையெழுத்தையே அடையாளம் தெரியாதவன் போல
வெகுநேரம் பார்த்தான்.
“குமிழி சரி,” என்றான்.
“அது சரின்னு எனக்குத் தெரியும்.
எனக்குத்தான் தெரியல.”

தகர டப்பா பீன்ஸ். பேச்சில்லை.
கொரெல்லாப் பறவைகள் மரத்தில்
எங்களுக்கும் சேர்த்துச் சண்டை போட்டு ஓய்ந்தன.

இரவு இரண்டு மணி இருக்கும்.
மெத்தை விளிம்பை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டு கிடந்தான்,
தண்ணீரே இல்லாத பாலையில் கப்பலேறியவன்.

அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
நெற்றி விளக்கு. பல் கிட்டும் குளிர்.
நான்கு கால்களையும் மேலே இழுத்தேன்.
மூக்குச் சக்கரத்தின் கைப்பிடி பனிக்கட்டியாய் இருந்தது.
ஒரு சுற்று.
ஆரோக்கியமான காதுள்ள எந்தக் கழுதையும்
இப்படிச் செய்யாது என்று நினைத்துக்கொண்டேன்.
இரண்டாவது சுற்று.
துணிச்சுவருக்கு உள்ளேயிருந்து,
“இன்னும் கொஞ்சம்.”

விழித்துத்தான் இருந்திருக்கிறான்.

அரைச்சுற்று.
“நில்.”
முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாக
அவன் சொல்லும் என் கையும்
ஒன்றாக நின்றன.

கால்களை மறுபடி இறக்கிவிட்டு வந்து படுத்தேன்.
அதற்குள் குறட்டை.
நான் அங்குலம் அங்குலமாக வழுக்கிக்கொண்டிருந்தேன்.
இருட்டில் ஒரு தக்காளி
மேடையிலிருந்து உருண்டு, விழுந்து,
பின்சுவர் வரை போய் முட்டியது.
எடுக்கவில்லை.

விடியும்போது என் பாதங்கள் பின்சுவரில்.
மட்டம் தப்பினால் குளிராத கேஸ் ஃப்ரிட்ஜ்;
பால் ஒரு மாதிரி இருந்தது.
கறுப்புக் காப்பி ஊற்றினேன்.
கோப்பைக்குள் அது ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.
நெவில் அதைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்,
சரிந்த பக்கத்தில் உதடு வைத்துக் குடித்தான்.